மனுவின் முதல் வரி: கடலூருக்கும் புதுவைக்கும் எந்தத் தண்டவாளம் முதலில்?

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குச் சாலை வழியே சுமார் 22 கிலோமீட்டர். ரயிலில்தான் போவேன் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால், கடலூர் நகருக்குள் இருக்கும் திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில் ஏறி, நெல்லிக்குப்பம், பண்ருட்டி வழியாக விழுப்புரம் போய் இறங்கி, அடுத்த வண்டிக்குக் காத்திருந்து, வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் தாண்டிப் புதுவை சேர வேண்டும். மொத்தம் 80 கிலோமீட்டருக்கும் மேல். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதைத் தண்டவாளத்தில் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். இருபது வருடம் புதுவைக்கு வேலைக்குப் போய்வந்தவன் நான். ஒரே ஒரு விடுமுறை நாளில், என் மகளிடம் கட்டிய பந்தயத்துக்காக இந்தச் சுற்றைச் சுற்றிப் பார்த்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது, எனக்குப் பிறகு வீட்டிலிருந்து கிளம்பிப் பஸ் ஏறியவள் கடற்கரையில் நடந்து முடித்து, சாப்பிட்டும் விட்டிருந்தாள்.

எங்கள் குடியிருப்போர் சங்கமும் கடைவீதி வணிகர்கள் சிலரும் சேர்ந்து ரயில்வேக்கு ஒரு மனு எழுதுவதென்று முடிவாகியிருக்கிறது. முதல் வரைவில் பன்னிரண்டு கோரிக்கைகள் இருந்தன. கிழக்குக் கடற்கரை ரயில் பாதையில் தொடங்கி, இரட்டைப் பாதை, புதுவை இணைப்பு, வந்தே பாரத், நகரும் படிக்கட்டு என்று நீண்டு, பிளாட்பாரத்துத் தண்ணீர்க் குழாயில் முடிந்தது. கூட்டத்தில் வயதில் மூத்தவர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர். காகிதத்தை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிப் படித்துவிட்டு, “பன்னிரண்டு கேட்டால் பதில் ஒன்றுதான் வரும் தம்பி, ‘பரிசீலனையில் உள்ளது’ என்று. ஒன்றை முதலில் வையுங்கள். ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள்” என்றார். எதை முதலில் வைப்பது என்பதில்தான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. அந்த வாக்குவாதத்தில் நான் ஒரு பக்கமாக நுழைந்து வேறு பக்கமாக வெளியே வந்தேன். எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பணம் இல்லை என்ற பேச்சை முதலில் ஒதுக்கிவிடலாம். 2024-25, 2025-26 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ரயில்வேயின் மூலதனச் செலவுக்காக மத்திய பட்ஜெட்டில் ஒதுக்கியது தலா சுமார் 2.52 லட்சம் கோடி ரூபாய். பஞ்சாபின் லூதியானாவிலிருந்து பீகாரின் சோன்நகர் வரை 1,337 கி.மீ., தில்லிக்குப் பக்கத்துத் தாத்ரியிலிருந்து மும்பை அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகம் வரை 1,506 கி.மீ. என்று சரக்கு ரயிலுக்கு மட்டுமே தனிப் பாதைகள் போட்டிருக்கிறார்கள். மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் இடையே 508 கி.மீ. புல்லட் ரயில் பாதை எழும்பிக்கொண்டிருக்கிறது. நாட்டின் அகலப்பாதை கிட்டத்தட்ட முழுவதும் மின்கம்பிக்குக் கீழே வந்துவிட்டது. இத்தனை பெரிய பந்தியில் எங்கள் இலைக்கு என்ன வரும், அதிலும் முதலில் என்ன கேட்டு வாங்குவது என்பதே எங்கள் கவலை.

கூட்டத்தில் அதிகமாகக் கைதட்டல் வாங்கியது கிழக்குக் கடற்கரைப் பாதை. சென்னை பெருங்குடியில் தொடங்கி, மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூர் வரை சுமார் 179 கி.மீ. 2008-09 பட்ஜெட்டில் சேர்க்கப்பட்டபோது இதன் மதிப்பீடு சுமார் 523 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு மூன்று கோடிக்கும் குறைவு. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இன்று மனை விலை விசாரித்தவர்கள் இந்தக் கணக்கைக் கேட்டுச் சிரிப்பார்கள். பிறகு வந்த சில பட்ஜெட்களில் இந்தத் திட்டத்துக்கு எழுதப்பட்ட தொகை ஆயிரம் ரூபாய். அச்சுப்பிழை இல்லை, ஆயிரம் ரூபாய்தான். திட்டத்தைக் கைவிடவில்லை என்று கணக்குப் புத்தகத்தில் காட்ட அது போதும். சாகக் கிடப்பவர் வாயில் ஊற்றும் ஒரு கரண்டிப் பால்.

ஆனாலும் இந்தப் பாதையை வெறும் கனவு என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. புதுவையில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. டிசம்பர் 2 காலையில் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையில் இருக்கும் ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தொட்டதும் அந்தப் பாதையில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். ஒரு பாலம். அதை நிறுத்தியதும் சென்னைக்கும் திருச்சி, மதுரை, நெல்லைக்கும் இடையே ஓடும் வண்டிகள் ரத்தாயின, பாதியில் நின்றன, காட்பாடி வழியாகச் சுற்றின. தென் தமிழ்நாட்டின் ரயில் போக்குவரத்து முழுவதும் செங்கல்பட்டு–விழுப்புரம் என்ற ஒரே கழுத்து வழியாக மூச்சு விடுகிறது என்பதை அன்றைக்குப் பார்த்தோம். அந்தக் கழுத்துக்கு மாற்று வேண்டும் என்றால், வரைபடத்தில் நேராகக் கண்ணில் படுவது கடலோரப் பாதைதான். கீழே நான் பேசப்போகும் மற்ற எந்த யோசனையும் விழுப்புரத்துக்கு வடக்கே இருக்கும் இந்த முடிச்சை அவிழ்க்காது. இதை ஒப்புக்கொண்டுதான் மேலே போக வேண்டும்.

அப்படியானால் ஏன் இதை முதல் வரியில் வைக்கக் கூடாது? மேற்குக் கடலோரத்தில் ஓடும் கொங்கண் ரயில்வேயை நினைத்துக்கொள்ளுங்கள். 1990-இல் அதற்கென்றே ஒரு கழகம் அமைத்தார்கள். மத்திய அரசு 51, மகாராஷ்டிரம் 22, கர்நாடகம் 15, கேரளமும் கோவாவும் தலா 6 சதவீதம் என்று பங்கு போட்டார்கள். மீதிக்குக் கடன் பத்திரம் விற்றார்கள். மலையைக் குடைந்து, தொண்ணூறுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள் வழியாக, ஏறத்தாழ 740 கி.மீ. பாதையை 1998-க்குள் முடித்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கழகம் கடன் சுமையில் பல வருடம் தள்ளாடியது வேறு கதை. பாதை இருக்கிறது, ரயில் ஓடுகிறது. நம் கடலோரத்தில் குடைய ஒரு குன்றுகூடக் கிடையாது. இருந்தும் இத்தனை ஆண்டுகளில் தண்டவாளம் விழவில்லை. கொங்கணில் மாநிலங்கள் தங்கள் பையிலிருந்து காசு போட்டன, அதனால் அவற்றுக்கு வலித்தது. இங்கே தமிழ்நாடும் புதுச்சேரியும் கடிதம் போடுகின்றன. கடிதம் போடுவதில் யாருக்கும் வலிப்பதில்லை.

நிலமும் சுலபம் இல்லை. மரக்காணம் உப்பளங்கள், பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி ஏரி, கல்பாக்கம் அணுமின் நிலையம், அதற்கு வடக்கே தொடர்ச்சியாக வீட்டுமனைகள். தெற்கே வந்தால் 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை ஏறிய கரை, 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் புரட்டிப்போட்ட கரை. கடலை ஒட்டிப் போட்டால் புயல் பயம், உள்ளே தள்ளிப் போட்டால் வயல்காரர்களின் வயிற்றெரிச்சல். இன்னொரு சிக்கலை எங்கள் கூட்டத்தில் யாரும் பேசவில்லை: சென்னை முனையில் இந்த வண்டிகள் எங்கே போய் நிற்கும்? பெருங்குடி, கடற்கரை–வேளச்சேரி பறக்கும் ரயில் பாதையின் ஒரு நிலையம். நகரப் பெட்டிகளுக்காகக் கட்டிய அந்தத் தூண்களின் மேல் மயிலாடுதுறை எக்ஸ்பிரஸை ஏற்ற முடியாது. ஆகவே 179 கிலோமீட்டரும் முடிந்த பிறகு ஒரு முனையமும் கட்ட வேண்டும். அதுவரை இடையில் போட்ட ஐம்பது கிலோமீட்டரால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. முழுப் பானையும் வெந்தால்தான் ஒரு பருக்கை கிடைக்கும் வகையான திட்டம் இது.

இங்கேதான் ஸ்டேஷன் மாஸ்டர் தன் யோசனையைச் சொன்னார். விழுப்புரம்–கடலூர்–மயிலாடுதுறை–தஞ்சாவூர் மெயின் லைனை இரட்டைப் பாதையாக்குவது.

இந்தப் பாதையின் பெயரிலேயே ஒரு கேலி இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் சென்னையிலிருந்து தெற்கே போக இதுதான் பாதை. அதனால் மெயின் லைன். பிறகு விருத்தாசலம், அரியலூர் வழியாகக் குறுக்கே ஒரு கார்டு லைன் போட்டார்கள். திருச்சிக்கு 60 கி.மீ. மிச்சமானது. வேகமான வண்டிகள் எல்லாம் அந்தப் பக்கம் குடிபெயர்ந்தன. இரட்டைப் பாதையும் அந்தப் பக்கம்தான் போனது. 2023 செப்டம்பரில் தொடங்கிய சென்னை–திருநெல்வேலி வந்தே பாரத்தும் விழுப்புரத்தில் நின்றுவிட்டு அந்தப் பக்கமே ஓடுகிறது. தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் இடையே இரண்டாவது பாதை வந்துவிட்டது. நடுவில், விழுப்புரத்திலிருந்து தஞ்சாவூர் வரை ஏறத்தாழ 190 கி.மீ. இன்னும் ஒற்றைப் பாதை. மின்கம்பி வந்தாயிற்று, மீட்டர் கேஜ் போய் 2010-இல் அகலப்பாதையும் வந்தாயிற்று. பாதை மட்டும் ஒன்றுதான்.

ஒற்றைப் பாதை என்றால் என்ன என்பதை அவர் எங்களுக்குச் சங்க அறையின் மேசை மேல் இரண்டு ஸ்கேலும் நான்கு பேனா மூடியும் வைத்து விளக்கினார். இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். எதிரே வருவது நிலையத்தின் பக்கத் தண்டவாளத்தில், அதாவது லூப் லைனில், ஒதுங்கி நிற்க வேண்டும். மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு வண்டி ஐந்து நிமிடம் பிந்தினால், அதற்காகத் திருத்துறையூரில் ஒதுங்கிய வண்டி பத்து நிமிடம் பிந்தும். அதற்காகச் சேர்ந்தனூரில் நிற்பது இன்னும் கொஞ்சம். “வியாதி மாதிரி தம்பி, ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்கு ஒட்டும். ராத்திரி வண்டி பிந்தியது விடிகாலை வண்டியிலும் இருக்கும்” என்றார். கால அட்டவணையில் எழுதியிருக்கும் பயண நேரத்தில் ஒரு பகுதி ஓடுகிற நேரமே கிடையாதாம். ஒதுங்கி நிற்பதற்காக முன்கூட்டியே சேர்த்துவைத்த நேரம். பண்ருட்டிக்கு இந்தப் பக்கம் முந்திரித் தோப்பைப் பார்த்துக்கொண்டே காரணம் தெரியாமல் நின்றிருந்த என் அத்தனை பயணங்களுக்கும் அன்றுதான் விளக்கம் கிடைத்தது.

ரயில்வேயின் வழக்கமான பதில் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பாதையில் வண்டிகள் குறைவு, ஆகவே ஒரு பாதை போதும். கூடுதல் வண்டி கேட்டுப் போனால், பாதை ஒற்றை, ஆகவே வண்டி தர இயலாது. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்பது போல. டெல்டாவிலிருந்து நெல்லும் அரிசியும் ரயிலில் போகின்றன. கடலூர் துறைமுகம் சந்திப்பிலிருந்து குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி வழியாக விருத்தாசலத்துக்கு ஒரு கிளை இருக்கிறது. அதற்கு அப்பால் சேலம். சரக்கு வேண்டிய மட்டும் இருக்கிறது. அதை ஏற்றினால் பயணி வண்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

இரட்டைப் பாதைக்கு இருக்கும் பெரிய வசதி, அதைத் துண்டு துண்டாகப் போடலாம், போட்ட துண்டு அன்றைக்கே வேலை செய்யும். விழுப்புரத்திலிருந்து பண்ருட்டி வரை மட்டும் முடிந்தால்கூட அந்தத் தூரத்தில் ஒதுங்கி நிற்பது ஒழியும். நிலமும் பெரும்பாலும் பழைய பாதையை ஒட்டியே கிடைக்கும். வேலை நடக்கும்போது ரயிலை நிறுத்த வேண்டியதும் இல்லை. அகலப்பாதை வேலைக்காக விழுப்புரம்–மயிலாடுதுறை பாதையை மூடி, மூன்று ஆண்டுகளுக்கும் மேல் கடலூரில் ரயில் சத்தமே இல்லாமல் கிடந்ததை யாரும் மறக்கவில்லை. இரட்டைப் பாதை அந்த மாதிரி வாசலை அடைத்துவிட்டு வீடு கட்டும் வேலை இல்லை. செலவு வீங்குவது ஆறுகளில்தான். தென்பெண்ணை, கெடிலம், பரங்கிப்பேட்டைப் பக்கம் வெள்ளாறு, வல்லம்படுகை தாண்டிக் கொள்ளிடம் என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இன்னொரு பாலம் வேண்டும். ஆகவே விழுப்புரம்–கடலூர் 47 கிலோமீட்டரை முதல் துண்டாக வைப்பது புத்திசாலித்தனம். கொள்ளிடம் பிறகு வரட்டும்.

நான் அந்தக் கூட்டத்துக்குப் போனது வேறொன்றைக் கேட்க. புதுச்சேரி–கடலூர் இணைப்பு. கடலோரப் பாதையின் கடைசித் துண்டை மட்டும் தனியாக அறுத்து எடுத்து முதலில் போடுங்கள் என்பது என் கட்சி. இருபது வருடம் பஸ்ஸில் குலுங்கியவனுக்கு அந்த ஆசை வராமல் எப்படி இருக்கும்?

புதுவைக்கு ரயில் வந்தது 1879-இல், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டபோது. விழுப்புரத்திலிருந்து சுமார் 38 கி.மீ. கிளை. ஏறத்தாழ 150 வருடமாகியும் அது கிளையாகவே இருக்கிறது. வந்த வழியே திரும்ப வேண்டிய முட்டுச்சந்து. தலைநகரம் ஒன்றுக்கு இப்படி ஒரு ரயில் நிலையம். 22 கி.மீ. போட்டுக் கடலூருடன் இணைத்தால் முட்டுச்சந்து தெருவாகிவிடும். சென்னையிலிருந்து வரும் வண்டி புதுவை வழியாகச் சிதம்பரம், மயிலாடுதுறை போகலாம். புதுச்சேரி அரசுக்கு இதில் தனி லாபம் ஒன்றும் இருக்கிறது: காரைக்கால் அவர்களுடைய மாவட்டம். பேரளத்துக்கும் காரைக்காலுக்கும் இடையே 1980-களில் மூடிப்போன 23 கி.மீ. பாதையை இப்போது அகலப்பாதையாக மறுபடி அமைத்திருக்கிறார்கள். கடலூர் இணைப்பும் வந்துவிட்டால், புதுவையில் ஏறிக் காரைக்காலில் இறங்கலாம், விழுப்புரத்தைக் கண்ணால் பார்க்காமலே. ஒரே அரசின் இரண்டு ஊர்களை இணைக்கும் பாதை என்பதால், கொங்கண் பாணியில் பங்குப் பணம் போடச் சொல்லிக் கேட்பதற்கும் நியாயம் பிறக்கிறது.

இதைச் சொல்லி முடித்து உட்கார்ந்தபோது கைதட்டல் கொஞ்சம் விழுந்தது. உடனே துணிக்கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் எழுந்தார். “அண்ணே, கடலூர்–புதுவைக்கு நினைத்த நேரத்துக்குப் பஸ் இருக்கிறது. வீட்டு வாசலில் ஏறி, வேலை இடத்தில் இறங்குகிறோம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு ரயில் விட்டால்கூட நீங்கள் அதில் ஏறுவீர்களா?” உண்மையைச் சொன்னால், ஏற மாட்டேன். மஞ்சக்குப்பத்திலிருந்து கெடிலம் பாலத்தைத் தாண்டித் திருப்பாதிரிப்புலியூர் போய், டிக்கெட் வாங்கி, வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் பஸ் கன்னியக்கோவிலைத் தாண்டியிருக்கும். 22 கி.மீ. தூரத்துக்குப் பஸ்ஸை ரயில் வெல்வது கடினம். ஆகவே இந்த இணைப்பைத் தினப்பயணியின் பெயரைச் சொல்லிக் கேட்கக் கூடாது. தூரப் பயணியின் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். இருபது வருட பஸ் பயணி என்ற என் தகுதி அங்கேயே கழன்று விழுந்தது.

அடுத்த அடி ஸ்டேஷன் மாஸ்டரிடமிருந்து. விழுப்புரத்துக்கும் கடலூருக்கும் நடுவே இந்த இணைப்பே ஒரு இரண்டாவது பாதை மாதிரி ஆகிவிடும், ஒரு வண்டியைப் பண்ருட்டி வழியாகவும் இன்னொன்றைப் புதுவை வழியாகவும் விடலாம், 47 கி.மீ. போடுவதற்குப் பதில் 22 கி.மீ. போட்டால் போதும் என்று நான் கணக்குச் சொல்லியிருந்தேன். எனக்கே பிடித்துப்போன கணக்கு அது. அவர் சிரித்தார். “விழுப்புரம்–புதுவையும் ஒற்றைப் பாதைதான் தம்பி. அடைத்த குழாயோடு இன்னொரு அடைத்த குழாயை இணைத்தால் தண்ணீர் வேகமாக வருமா?” புதுவை நிலையம் வண்டி வந்து நின்று திரும்புவதற்காக அமைந்தது, கடந்து போவதற்காக அமைந்தது அல்ல. நகருக்குள்ளே கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி. ஆலைக்குப் பக்கத்து ரயில்வே கேட்டை நினைத்தாலே போதும். இப்போதே கேட் மூடினால் இரண்டு பக்கமும் வண்டிகள் கண்ணுக்கு எட்டும் தூரம் நிற்கின்றன. அதன் வழியாக மெயின் லைன் வண்டிகளும் போக ஆரம்பித்தால் முதலியார்பேட்டைக்காரர்கள் எங்கள் சங்கத்தைத் தேடி வருவார்கள்.

போதாக்குறைக்கு நிலத்தின் குணம். புதுவைக்குத் தெற்கே ஆற்று முகத்துவாரம், பிறகு பாகூர் ஏரியும் நெல்வயலும், பிறகு தென்பெண்ணை, கெடிலம். புதுச்சேரியும் தமிழ்நாடும் அங்கே பாய் பின்னியது போலக் கலந்து கிடக்கின்றன. பஸ்ஸில் போகும்போது மதுக்கடைப் பலகையைப் பார்த்துத்தான் எந்த அரசின் மண்ணில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வோம். இந்த 22 கிலோமீட்டருக்கு நிலம் எடுக்க இரண்டு அரசுகள், இரண்டு வருவாய்த் துறைகள், இரண்டு வழிகாட்டி மதிப்புகள். பாகூர் வயல்காரர் ஒருவருக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் என்ன விலை கொடுத்தார்கள் என்று தெரியாமல் இருக்காது. இதில் பாதி முடிந்து நின்றால் என்ன கிடைக்கும்? பாகூர் வயலில் மண்மேடு. கடலோரப் பாதை அளவுக்கு மோசமில்லை என்றாலும், இதுவும் அதே குடும்பத்துப் பிள்ளைதான்.

நான்காவது கோரிக்கை, நிலையத்தை அழகுபடுத்துவதும் வந்தே பாரத்தும். இதற்கு அதிக இடம் ஒதுக்க மனமில்லை. அம்ரித் பாரத் திட்டத்தில் நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களைப் புதுப்பிக்கிறார்கள். 2025 மே 22-இல் திறந்த 103 நிலையங்களில் சிதம்பரமும் விருத்தாசலமும் இருந்தன. புதுவையிலும் வேலை நடக்கிறது. நல்லது, முதியவர்களுக்கு லிஃப்டும் பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறையும் ஆடம்பரம் அல்ல. ஆனால் அது கேட்காமலே வருகிறது, அதற்கு ஒரு மனு வீண். வந்தே பாரத் நம் பெரம்பூரில் பிறந்த வண்டி என்பதில் எனக்கும் பெருமைதான். ஒற்றைப் பாதையில் விட்டால், அதற்கு வழிவிட மற்ற நான்கு வண்டிகள் லூப் லைனில் நிற்கும். அந்த நான்கில்தான் நாங்கள் உட்கார்ந்திருப்போம்.

இதுவரை நான் ஒன்றைத் தள்ளிவைத்துக்கொண்டே வந்தேன். எழுத வலிக்கிறது. 2025 ஜூலை 8 காலை, கடலூருக்குத் தெற்கே செம்மங்குப்பம் லெவல் கிராசிங்கில், பள்ளிக்கூட வேன் ஒன்றின் மீது விழுப்புரம்–மயிலாடுதுறை பயணி வண்டி மோதியது. மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். அது இண்டர்லாக்கிங் இல்லாத கேட். இண்டர்லாக்கிங் உள்ள கேட்டில், கதவு மூடிப் பூட்டு விழுந்தால்தான் ரயிலுக்குச் சிக்னல் விழும். கேட் திறந்திருந்தால் சிக்னல் சிவப்பிலேயே இருக்கும். அது இல்லாத கேட்டில், நிலையத்திலிருந்து தொலைபேசி வரும், கேட் கீப்பர் ஒரு ரகசிய எண்ணைச் சொல்லி மூடிவிட்டதாக உறுதி கொடுப்பார். இரண்டு மனிதர்களின் வாய்வார்த்தையில் ஒரு ரயில் புறப்படுகிறது. விபத்துக்குப் பிறகு கேட்களில் கேமரா வைக்கவும், மேலும் பல கேட்களை இண்டர்லாக்கிங் செய்யவும் ரயில்வே உத்தரவிட்டது.

அன்று செம்மங்குப்பத்துக்குப் போய்வந்த எங்கள் சங்கத்து ஆள் ஒருவர், கூட்டத்தில் இதைப் பேசும்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். வாக்குவாதம் அத்துடன் அமைதியானது. அவர் கேட்டது இதுதான்: இரட்டைப் பாதை வந்தால் வண்டிகள் கூடும், கேட்டைத் திறந்து மூடுவதும் கூடும், அவசரக்காரர்களும் கூடுவார்கள். அப்படியிருக்க கேட்டைப் பற்றிப் பேசாமல் பாதையைப் பற்றி மட்டும் பேசலாமா? ஒரு வண்டி போனதும் கேட் திறக்கும் என்று நினைத்து ஓடி, அடுத்த பாதையில் எதிரே வரும் வண்டியைக் கவனிக்காமல் போவது இரட்டைப் பாதைகளில் பழைய கதை. ஸ்டேஷன் மாஸ்டர் தலையசைத்தார். இரட்டைப் பாதை போடும்போது சிக்னலையும் கேட்டையும் எப்படியும் மாற்றி அமைத்தாக வேண்டும், அப்போதே முடிந்த இடங்களில் கேட்டை ஒழித்துச் சுரங்கப்பாதையோ மேம்பாலமோ கேட்க வேண்டும் என்றார். லாரன்ஸ் சாலையில் சுரங்கப்பாதை வருவதற்கு முன்னால் கடலூர் எப்படிக் காத்துக் கிடந்தது என்று வயதானவர்களுக்கு நினைவிருக்கும். இப்போது அதில் மழைத் தண்ணீர் தேங்கினால் திட்டுகிறோம். ஆனால் கேட் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. செம்மங்குப்பம் கடலூருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் நடுவே இருப்பதால், முதல் துண்டு கடலூர் துறைமுகம் சந்திப்போடு நிற்காமல் சிதம்பரம் வரை போக வேண்டும் என்றும் ஒருவர் சொன்னார். கேட் வேலைக்குச் சரி, பாதைக்கு வேண்டாம் என்று ஒதுக்கினோம். வெள்ளாற்றுப் பாலத்தை உள்ளே இழுத்தால் மொத்தமும் தள்ளிப்போகும்.

நான் மாறியது அந்த நேரத்தில்தான். கேட் ஒவ்வொன்றாகச் செய்யலாம், செய்த கேட் அன்று மாலையே ஒரு உயிரைக் காப்பாற்றலாம். இரட்டைப் பாதை பத்து கிலோமீட்டர் முடிந்தாலும் பத்து கிலோமீட்டருக்கு வேலை செய்யும். இணைப்பு முழுவதும் முடிய வேண்டும். கடலோரப் பாதை முடிந்து, அதற்கு மேல் சென்னையில் முனையமும் வேண்டும். எந்த ஆண்டில் பணம் நின்றுபோகும் என்று சொல்ல முடியாத ஊரில் இருந்துகொண்டு, நின்றாலும் நஷ்டமில்லாத வேலையை முதலில் கேட்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. என் இணைப்புக்கு இரண்டாம் இடம் என்று நானே கை தூக்கினேன். வீட்டில் சொன்னபோது மகள் நம்பவில்லை.

ஆகவே மனு இப்படி நிற்கிறது. விழுப்புரத்திலிருந்து சிதம்பரம் வரை இண்டர்லாக்கிங் இல்லாத கேட் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது தனிக் கடிதமாகப் போகிறது. அதை மற்றக் கோரிக்கைகளோடு சேர்த்துப் பேரம் பேச யாருக்கும் மனம் வரவில்லை. மனுவின் முதல் வரி, விழுப்புரம்–கடலூர் துறைமுகம் சந்திப்பு இரட்டைப் பாதை, அதைத் தொடர்ந்து மயிலாடுதுறை. இரண்டாவது, புதுவை–கடலூர் இணைப்பைக் கடலோரத் திட்டத்திலிருந்து பிரித்துத் தனி வேலையாக எடுக்க வேண்டும், புதுச்சேரி அரசு அதில் பங்குப் பணம் போட வேண்டும். கடலோரப் பாதையைக் கைவிடவில்லை. ஃபெஞ்சல் நாளையும் அந்த ஒற்றைப் பாலத்தையும் நினைவூட்டி, அதற்கென்று ஒரு கழகம் அமைக்கச் சொல்லி ஒரு பத்தி எழுதியிருக்கிறோம். வணிகர்களுக்கு இதில் வருத்தம்தான். நகரும் படிக்கட்டு போய்விட்டது. வந்தே பாரத்துக்காக ஒருவர் கடைசி வரை போராடினார். டீ வந்ததும் விட்டுக்கொடுத்தார்.

கையெழுத்துக்குப் போகும் முன் ஸ்டேஷன் மாஸ்டர் தட்டச்சுப் பிரதியை மறுபடி வாங்கினார். கடைசிப் பக்கத்தின் அடியில், சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து ஒரு வரி சேர்த்தார்: கடலூர் பக்கமிருந்து விழுப்புரம் வரும் பயணி வண்டியும், அங்கிருந்து புதுவைக்குப் புறப்படும் வண்டியும் ஒன்றுக்கொன்று காத்து நிற்கும்படி நேரத்தை அமைக்க வேண்டும். “இதற்கு ஒரு செங்கல்கூட வேண்டாம். ஒரு அதிகாரி ஒரு மத்தியானம் உட்கார்ந்தால் போதும்” என்றார். அடுத்த ஞாயிறு கையெழுத்து வாங்குகிறோம். முதல் கையெழுத்து தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று மகள் சொல்லியிருக்கிறாள். அவள் இப்போது புதுவையில் வேலை பார்க்கிறாள். பஸ்ஸில்தான் வருவாள்.